லான் கடையில் கண் வைத்தவர்கள்

நான் பொறாமைக்காரி. இதை வேறு யாராவது உங்களிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் புதுச்சேரியில் முத்தியால்பேட்டை மார்க்கெட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் இது தெரியாத ஆள் கிடையாது; தெரிந்ததற்குக் காரணம் என் வாயும் இல்லை, என் முகமும் இல்லை, லான் கடையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு முன்னால் வைக்கப்பட்ட ஒரு கிண்ணம்.

லான், வியட்நாமில் காந்தோ என்ற ஆற்றங்கரை ஊரில் பிறந்தவள். கப்பல் பழுதுபார்க்கிற வேலைக்கு அங்கே போன எங்கள் தெரு பெலிக்ஸைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, வந்த இரண்டே வருஷத்தில் மார்க்கெட் மீன்காரியோடு எங்களைவிட நன்றாகச் சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டவள். மாமனார் வீட்டு முன்கூடத்தில் ஆறு மேசை, இருபத்துநாலு பிளாஸ்டிக் ஸ்டூல், மேசைக்கு மேசை ஒரு எவர்சில்வர் டம்ளரில் குச்சிகளும் ஸ்பூன்களும் வைத்துக் கடையைத் திறந்தாள். பெயர்ப்பலகையில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது, யாரும் படிக்கவில்லை, லான் கடை என்றே ஆகிவிட்டது. அங்கே பெரும்பாலும் கிடைப்பது ஃபோ ஒன்றுதான்: குழந்தையைக் குளிப்பாட்டலாம் போன்ற பெரிய கிண்ணம், அதில் பட்டையான அரிசி நூடுல்ஸ், அதன்மேல் மெல்லிசாகச் சீவிய மாட்டுக்கறி, அதன்மேல் விடியற்காலையிலிருந்து எலும்பும் அன்னாசிப்பூவும் பட்டையும் நெருப்பில் சுட்ட இஞ்சியும் வெங்காயமும் சேர்ந்து கொதித்த ரசம். ரசம் என்று நாங்கள்தான் சொல்வோம். லான் முதலில் திருத்திப் பார்த்தாள், பிறகு அவளும் ரசம் என்றே சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் முளைப்பயறு, எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய், துளசிக்குச் சொந்தக்காரி மாதிரி மணக்கிற ஒரு இலை. மெஸ்ஸில் கேட்பதுபோல நாங்கள் கிண்ணத்தை நீட்டி இன்னும் ஊத்து என்போம், அவளும் ஊற்றுவாள்.

கடை திறந்த அன்றைக்கு நல்ல மழை. ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம்தான், ஆனாலும் புதுக்கடை என்றால் கண்ணேறு கழிக்காமல் முடியுமா? பெலிக்ஸின் மாமா பூசணிக்காயில் குங்குமம் தடவி, மேலே கற்பூரம் ஏற்றி, தெருவில் நின்று கடையைப் பார்த்துச் சுற்றவேண்டியதை, மழையில் நனைய மனசில்லாமல் கடைக்குள்ளேயே நின்று தெருவைப் பார்த்துச் சுற்றினார், அதுவும் இடக்கைக்காரர் ஆகையால் இடமும் வலமும் மாறிப்போய்ச் சுற்றினார், சுற்றி முடித்துக் காயை அடுப்படி வாசலிலேயே போட்டு உடைத்தார். வெளியே போகவேண்டிய கண்ணெல்லாம் உள்ளேயே தங்கி, தலைகீழாகத் திரும்பிவிட்டது என்று ஒரு கட்சி சொல்லும். எல்லாம் அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்று இன்னொரு கட்சி சொல்லும். காரணம் எனக்கு முக்கியமில்லை. அதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

முதல் தடவை நடந்தது தலைமையாசிரியர் திவ்யநாதனுக்கு. இரண்டாம் பூசை முடிந்து கடை நிறைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் ஒரு மேசையில், அவர் பள்ளிக்கூடத்து கிளார்க் எதிர் மேசையில். கிளார்க்கின் மகளுக்கு மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்து மூன்று நாள் ஆகியிருந்தது, தலைமையாசிரியரின் மகன் அதே பரீட்சையை மூன்றாவது முறை எழுதிக்கொண்டிருந்தான். அவர் கிளார்க்கை ஒரு பார்வை பார்த்தார். அவர் கிண்ணத்தில் மிதந்த மூன்று கறித்துண்டுகள் ரசத்துக்குள் அமிழ்ந்துபோய், கிளார்க்கின் கிண்ணத்தில் மேலே வந்தன. கிளார்க் நல்ல மனுஷன்.

"சார், உங்க கறி இங்க வந்துடுச்சு" என்று ஸ்பூனில் எடுத்துக்கொண்டுபோய்த் திருப்பிப் போட்டார். மறுபடி அமிழ்ந்தது, மறுபடி அங்கே போய் மிதந்தது. மூன்றாவது தடவை அவர் எழுந்தபோது, வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்த லான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வுடு சார், அது அங்கதான் போவும்" என்றாள். தலைமையாசிரியர் வெறும் நூடுல்ஸைச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்.

இப்படித்தான் அந்தக் கடையின் சட்டம் ஊருக்குத் தெரிந்தது: யார் யாரைப் பார்த்து வயிறெரிகிறாரோ அவர் கிண்ணத்துக் கறி அந்த ஆளின் கிண்ணத்துக்குப் போய்விடும். முதலில் ஜனங்கள் மறைக்கப் பார்த்தார்கள், தட்டைப் போட்டு மூடினார்கள், முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள், ஒன்றும் பலிக்கவில்லை, ஏனென்றால் கண்ணை மூடினால் இன்னும் நன்றாகத் தெரிகிற விஷயங்களைப் பார்த்துத்தான் மனுஷன் பொறாமைப்படுகிறான். பிறகு பழகிக்கொண்டார்கள். மகனுக்குப் பிரான்சில் வேலை கிடைத்த ஒருவர் கிண்ணத்துக்கு இரண்டு தெருவின் கறி வந்து குவிந்து, சாப்பிட்டு மாளாமல் பார்சல் கட்டிக்கொண்டு போனார். வரன் பார்க்கிறவர்கள் இரு வீட்டாரையும் இங்கே கூட்டிவந்து எந்தப் பக்கத்துக் கறி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத் தாம்பூலம் மாற்றினார்கள். நகை போட்டுக்கொண்டு வந்தார்கள், புதுக் கண்ணாடி, புது மருமகள், புதுப் பல்செட்டோடு வந்தார்கள், கறி வருகிறதா என்று காத்திருந்தார்கள். ஒரு கவுன்சிலர் ஆள் அம்போடு வந்து நடு மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரே ஒரு முளைப்பயறு வந்தது, அது யார் அனுப்பியது என்று இன்றைக்கும் தெரியாது. பங்குச்சாமியார் பொறாமை ஒரு தலையான பாவம் என்று பிரசங்கம் வைத்துவிட்டு, நேரில் விசாரிக்க வந்து உட்கார்ந்தார்; அவர் கறியில் இரண்டு துண்டு, எதிர் மேசையில் இருந்த, புதுக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்த பக்கத்துப் பங்குச்சாமியாருக்குப் போனது. அதற்குப்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் ஜனங்கள் லான் கடையில் ஒரு கிண்ணம் சாப்பிட்டு, எதைச் சொல்வது என்று தெரிந்துகொண்டு வருவதைத் தடுக்கவும் இல்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். லான் கடைக்கு எதிர்வாடையில் ஜெசிந்தா டெய்லர்ஸ் என்று ஒரு கடை இருக்கிறதே, அந்த ஜெசிந்தா நான்தான். முப்பத்திரண்டு வயதில் எனக்குக் கல்யாணம், தபால் ஆபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற சவரிராயனோடு. எனக்கு முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது. முதல் மனைவி மதலேன், நான் வருவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால், டெங்கு காய்ச்சலில் நாலே நாளில் போய்ச் சேர்ந்தாள். கூடத்துச் சுவரில் படமாக இருந்தாள், படத்துக்குமேல் ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது.

உயிரோடு இருக்கிற பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் ஒரு நியாயம் உண்டு. அவளும் ஒருநாள் சோற்றைக் குழையவிடுவாள், அவளுக்கும் இடுப்பு பெருக்கும், அவளும் நாலு பேர் முன்னால் ஏதாவது உளறுவாள். மதலேன் ஒன்றும் செய்யமாட்டாள். முப்பது வயதில் ஆணியில் தொங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே இருப்பாள். வருஷா வருஷம் எனக்கு மட்டும் வயசானது. எதிர்வீட்டில், பக்கத்துவீட்டில், கோயில் வாசலில், எங்கே என்ன பேச்சு வந்தாலும் கடைசியில் ஒருத்தி பெருமூச்சு விட்டு, "மதலேன் இருந்திருந்தா" என்பாள். இருந்திருந்தால் என்ன என்பதை யாரும் சொல்லி முடித்ததில்லை. அவளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவளே நான்தான். அவள் தோள் அளவு, இடுப்பு அளவு எல்லாம் எனக்குத் தெரியும், இடுப்பு இருபத்தெட்டு. அவள் கொடுத்துவிட்டு வாங்காமலே போன அளவு ஜாக்கெட் இன்னும் என் கடை அலமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது. தூக்கிப்போடவும் மனசு வரவில்லை, அவர் கண்ணில் காட்டவும் மனசு வரவில்லை.

அவரோ ஒரு குறையும் வைக்காத மனுஷன். நான் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு வைப்பேன், "நல்லாருக்கு ஜெசி" என்பார். கண்ணைத் திறந்துகொண்டே சொல்வார். லான் கடைச் சட்டம் ஊருக்குத் தெரிந்த பிறகுதான் நாங்கள் முதல்முறை அங்கே போனோம், அவர் ஒரு ஸ்பூன் ரசத்தை எடுத்து வாயில் வைத்தார், கண்ணை மூடினார், மூடிய கண்ணோடு சொன்னார்:

"மதலேன் வூட்டுல இப்புடித்தான் வைப்பாங்க."

மதலேனின் அம்மா சைகோனில் பிறந்தவளாம், அங்கே பட்டாளத்தில் இருந்த புதுச்சேரிக்காரருக்கு மகளாம், அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதானாம். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் என் குழம்புக்கு மூடாத கண். நான் என் கிண்ணத்தைப் பார்த்தேன். கறி மட்டுமில்லை, நூடுல்ஸ், வெங்காயத்தாள், எல்லாம் ஒரே முழுக்காக அமிழ்ந்துபோய், வெறும் ரசம் ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஆனால் கடையில் இருந்த யார் கிண்ணத்துக்கும் எதுவும் வரவில்லை. இதுதான் ஊருக்குப் பெரிய தலைவலியாகப் போயிற்று. ஒரு கிண்ணத்தில் போனது இன்னொரு கிண்ணத்தில் வரவேண்டும், அதுதானே சட்டம்? தலைமையாசிரியர் திவ்யநாதன் எழுந்து நின்று, "எல்லாரும் அவங்கவங்க கிண்ணத்த பாருங்க" என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோலச் சொன்னார், எல்லோரும் கிளறிப் பார்த்தார்கள், ஒருவருக்கும் வரவு இல்லை. அடுத்த வாரமும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. ஜெசிந்தா யாரைப் பார்த்து எரிகிறாள் என்று முத்தியால்பேட்டை முழுக்க ஆராய்ச்சி நடந்தது. பாரிசில் இருக்கிற என் தங்கையாக இருக்கும் என்று அவளுக்கு போன் போட்டு, கறி ஏதாவது வந்ததா என்று கேட்டார்கள். இங்கே ரொட்டிதான் சாப்பிட்டேன், ஒன்றும் வரவில்லை என்றாள். சீரியல் நடிகையாக இருக்கும் என்றார்கள். லான் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை, என் கிண்ணத்தில் கூட நாலு துண்டு சேர்த்துப் போட்டுக் கொண்டுவந்தாள், அதுவும் போனது. அவர், பாவம், தன் கிண்ணத்திலிருந்து பாதிக் கறியை எடுத்து எனக்குப் போட்டார், "சாப்புடு ஜெசி, பசியோட இருக்காத" என்றார். அதுவும் அமிழ்ந்தது. அவர் கையால் எடுத்துக் கொடுத்த கறியும் அவளுக்கே போகிறதே என்று நினைத்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில், மேசையில் இருந்த முளைப்பயறுகூடத் தட்டோடு காலியானது.

யாருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். எங்கே போகிறது என்றுதான் தெரியாது. ஊருக்குத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், அவருக்கு மட்டும் தெரியக்கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். செத்தவளோடு போட்டி போடுகிறவள் என்று தெரிந்தால் அவர் என்னைப் பார்த்து இரக்கப்படுவார்; இரக்கம் எனக்கு வேண்டாம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவளா நானா என்று ஒருநாள் அவர் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தால், தட்டு எந்தப் பக்கம் தாழும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

எட்டு மாதம் இப்படி ஓடியது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள், அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலையில் லான் கடையில் வழக்கம்போல என் கிண்ணம் காலியானது; மத்தியானம் எல்லோரும் மெழுகுவத்தி, பூ எல்லாம் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மரியசூசை வழக்கமாக வாசலிலேயே நின்று வணக்கம் சொல்பவன், அன்றைக்கு ஓட்டமாக முன்னால் போய் மதலேன் கல்லறைக்கு முன் கையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றான். அவன் காலுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. கறுப்பு கிரானைட் பலகையில், அவள் பெயருக்குக் கீழே, அழகாகப் பந்துபோல நூடுல்ஸ், அதன்மேல் கறித்துண்டுகள், வெங்காயத்தாள்.

"மன்னிச்சிக்கோங்க மிசே" என்று என் வீட்டுக்காரர் காலில் விழப்போனான் மரியசூசை. "இன்னிக்கி கூட்டத்துல எடுக்க முடியாம போச்சு. எட்டு மாசமா ஞாயித்துக்கெழம ஆனா வருது. சூடா வருது. மொதல்ல பயந்தன். அப்பறம் ஒரு வாயி வச்சி பாத்தன், நல்லாருந்துது. நாய்க்கும் போட்டன். பொய் சொல்லக்கூடாது, பாதிக்கு மேல நான்தான் சாப்ட்டன்."

தலைமையாசிரியர் விரல்விட்டு எண்ணினார். எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை, லான் கடை. எண்ணி முடித்து என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்து அவர் மனைவி பார்த்தாள், அவளைப் பார்த்து ஊரே பார்த்தது, கையில் ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு. யாரோ ஒருத்தி "ஐயோ ஜெசிந்தா" என்று மெதுவாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து உட்கார்ந்து, நூடுல்ஸை ஒரு இலையில் அள்ளி மரியசூசையிடம் கொடுத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்தப் பலகையைத் துடைத்தார். எழுத்து எழுத்தாக, குழிவுக்குள் விரலை விட்டுத் துடைத்தார். மானம் போய் நின்ற அந்த நிமிஷத்திலும், அவர் துடைத்த விதத்தைப் பார்த்து, எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் பாதித் தூரம் வந்ததும் அவர் நின்றார். பிறகு கேட்டார்.

"செத்துப்போனவ மேலயா, ஜெசி?"

"ஆமாங்க, செத்துப்போனவ மேலதான். உயிரோட இருந்தா நேரா போயி தலமயிர புடிச்சிருப்பன். இவள நான் எங்க போயி புடிக்கிறது?"

"நான் உனக்கு இன்னா கொற வச்சன்?"

"ஒண்ணும் வைக்கல, அதான் கொற. ஒம்போது வருசமா விருந்தாளிகிட்ட பேசற மாதிரி எங்கிட்ட பேசறீங்க. சோத்துல கல்லு கெடந்தா எடுத்து ஓரமா வச்சிட்டு நல்லாருக்குன்றீங்க. அவகிட்ட இப்புடியா இருந்தீங்க? ரெண்டு பேரும் சண்ட போட்டா தெருமுன வரைக்கும் கேக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். "படத்த எடுத்துடட்டா?" என்றார்.

"எடுத்தா ஊரு என்ன இன்னா சொல்லும்? இருக்கட்டும். பல்பு ஃப்யூஸ் போயி ரெண்டு மாசமாவுது, அத மாத்துங்க."

"அப்ப இனிமே லான் கடைக்குப் போவ வேணாம்."

"போவணும்" என்றேன். "போவலனா அவ ஜெயிச்சிட்டான்னு ஆயிடும்."

போனோம். ஊரும் தன் பாட்டுக்கு இதைப் பழகிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கிண்ணம் அமிழ்ந்த கொஞ்ச நேரத்தில் மரியசூசை லானுக்கு போன் போட்டு, "வந்துடுச்சிக்கா, உப்பு மட்டும் ஒரு கல்லு தூக்கல்" என்பான், லான் அதைக் கடைக்கே கேட்கும்படி சொல்வாள். செத்தவர்களுக்கு அனுப்ப முடியும் என்று தெரிந்ததும் ஜனங்கள் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, மாமியாருக்கு அனுப்பப் பார்த்தார்கள். அன்பாக நினைத்தார்கள், அழுதார்கள், ஒரு துண்டும் அசையவில்லை. இறந்துபோனவர்களுக்காக அழுவது சுலபம், அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது எல்லோருக்கும் வருகிற காரியமில்லை. அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிற கபிரியேல் ஒருவர்தான் ஜெயித்தார். தம்பி எந்நேரமும் படுத்தே கிடக்கிறான், கொடுத்துவைத்தவன் என்று ஒரு தடவை நினைத்தார், அரைக் கிண்ணம் தம்பி கல்லறைக்குப் போனது. பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவள்கூட, டேப் இடுப்பைச் சுற்றியிருக்கும்போது, "எனக்கும் எங்க ஓரகத்திய நெனச்சா அப்புடித்தாங்கா இருக்கும்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் என் ரகசியம் தெரிந்த பிறகும் என் வயிறு எரிவது மட்டும் நிற்கவில்லை. அவர் முன்னைவிட மரியாதையாகப் பேசினார். அது இன்னும் எரிந்தது.

டிசம்பரில் கோயிலில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள், எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்றார்கள், தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டேன், சாப்பிடவில்லை, அப்படியே போய்க்கொண்டிருந்தது. மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை லான் கடையில் உட்கார்ந்தோம். கிண்ணம் வந்தது, அவர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார், கண்ணை மூடினார், என் கிண்ணம் காலியானது, மரியசூசையின் போன் வந்தது, "வந்துடுச்சாம்" என்று லான் சொன்னாள். எல்லாம் வழக்கம்போலத்தான். வெறும் ரசத்தையாவது ருசியாகக் குடிப்போம் என்று மேசையில் இருந்த இனிப்புக் கறுப்பு சாஸை எடுத்து மூன்று ஸ்பூன் ஊற்றிக் கலக்கினேன்.

"இன்னா ஊத்தற?" என்றார் அவர்.

"சாஸு."

"காலைல மாத்திர போட்டியா?"

"மறந்துட்டன்."

"நேத்து?"

"நேத்தும்தான். இப்ப இன்னா அதுக்கு?"

அவர் மேசையில் ஓங்கி அடித்தார். குச்சி டம்ளர் விழுந்து உருண்டது. ஒன்பது வருஷமாக நான் கேட்காத ஒரு குரல் அவர் தொண்டையிலிருந்து வந்தது.

"மறந்துட்டியா? அறிவு கீதா உனக்கு? டாக்டரு அவ்ளோ சொல்லியும் இனிப்ப தூக்கி ஊத்தற, நாள் பூரா மிஷின்ல குந்திக்கினு காலு வீங்கி கெடக்குது, கேட்டா மறந்துட்டன்றியா?"

"கத்தாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டி!" என்று கத்தினார். என்னை அவர் டி போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "நல்லா பாக்கட்டும்! ஒருத்திய நாலே நாள்ல வாரிக் குடுத்துட்டு நின்னன். நீயும் போயிட்டினா நான் இன்னா பண்ணுவன்? சொல்லு, இன்னா பண்ணுவன் நான்?"

அவர் முகம் சிவந்து, மூக்கு விடைத்து, கண்ணில் தண்ணீர் நின்றது, பார்க்கச் சகிக்கவில்லை. பதிலுக்குக் கத்த நானும் வாயைத் திறந்தேன். அப்போது என் கிண்ணத்தில் ஏதோ அசைந்தது. ரசத்துக்கு அடியிலிருந்து முதலில் ஒரு வெங்காயத்தாள் மேலே வந்தது, அப்புறம் ஒரு கறித்துண்டு, அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஒரு பந்து நூடுல்ஸ், கிண்ணம் விளிம்பு வரைக்கும் நிறைந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. லான் கடையில் ஆறிப்போன எதையும் யாருக்கும் வைக்கமாட்டார்கள்.

போன் அடித்தது. லான் எடுத்துக் காதில் வைத்தாள், மரியசூசை கத்தியது எங்கள் மேசை வரைக்கும் கேட்டது.

"அக்கா, கல்லற மேல இருந்துது காணோங்கா! நான் தொடக்கூட இல்ல, நாயும் தொடல, எங் கண்ணு முன்னாடியே மறைஞ்சுபோச்சு!"

தலைமையாசிரியர் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தார். லான் போனை வைத்துவிட்டு என் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கத்தியை எடுத்து வெங்காயத்தாள் நறுக்க ஆரம்பித்தாள். அந்தக் கடையின் சட்டம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வயிறெரிகிறவர் கிண்ணத்திலிருந்துதான் போகும், யாரைப் பார்த்து எரிகிறாரோ அவர் கிண்ணத்துக்குத்தான் வரும். மதலேனுக்கு என்னைப் பார்த்துப் பொறாமை. மாத்திரை போட்டாயா என்று மேசையில் அடித்துக் கத்த அவளுக்கு இனி ஒருவரும் இல்லை.

நல்லா வேணும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். எரியட்டும், எட்டு மாதம், பத்து மாதம் நான் எரிந்தேன் இல்லையா, அவளும் கொஞ்சம் எரியட்டும். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி ரசத்துக்குள் விழுந்தது, அது எனக்காகவா அவளுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. முப்பது வயசு. நாலே நாள்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் குச்சியை நீட்டினார்.

"ஒரு துண்டு எடுத்துக்கட்டா, ஜெசி?"

நான் இரண்டு கையாலும் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு இல்லங்க. மதலேன் எனக்கு அனுப்பனது."

ஆறிப்போன அந்தக் கறியை, பல்லில் நறநறத்த மண்ணோடு, கடைசி இழை வரைக்கும் நானே சாப்பிட்டேன்.